மாருதி 800 ஃபேன் மோட்டார்: பேரிங் ஒருவழியாக வெளியே வந்தாச்சு

மூன்று ஞாயிற்றுக்கிழமை போராட்டம். நேற்று மதியம் பேரிங் கையில் விழுந்தது. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வண்டி 1998 மாடல், கார்புரேட்டர் 800. ஏப்ரல் முதலே வடபழனி சிக்னலில் நிற்கும்போது ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்தால் மாவு மில் மாதிரி இரைச்சல். பிளேடைப் பிடித்து அசைத்தால் ஷாஃப்ட்டும் ஆடியது. புது மோட்டார் போட்டுவிடலாம் என்றார் மெக்கானிக் அண்ணன். ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருள் பகுதி) கண்ணாடி மாதிரி இருக்கும்போது நூற்றுச் சொச்ச ரூபாய் பேரிங்குக்காக மோட்டாரையே தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

முன்பு வண்டி வைத்திருந்தவர் எங்கோ கொடுத்துச் சரிசெய்த மோட்டார் இது. சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் பக்கம் புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கும் உலோகக் குழல்), பின்பக்க டப்பாவின் அடியில் 608 பேரிங், நடுத்துளை 8 எம்எம். ஆர்மேச்சரை உருவியதும் பேரிங் கூடவே வராமல் டப்பாவிலேயே தங்கிவிட்டது. பின்னால் வழியில்லாத மூடிய குழி. பேரிங்கை இழுத்தெடுக்கும் புல்லரின் கால் நுழையாது. காந்தங்கள் பசையில் ஒட்டியிருப்பதால் சூடு காட்டவும் பயம். ஓங்கி அடித்தால் அந்த ஃபெரைட் காந்தங்கள் பீங்கான் மாதிரி சிதறிவிடும்.

முதல் வாரம் கிரீஸ் முறை. பேரிங் துளையில் கிரீஸை அடைத்து 8 எம்எம் போல்ட்டை வைத்துத் தட்டினேன்; கிரீஸ் பின்னால் போய் பேரிங்கை வெளியே தள்ளும் என்று கணக்கு. சட்டையெல்லாம் கிரீஸ், பேரிங் அசையவில்லை. வெர்னியர் அளவுகோலில் அளந்தால் போல்ட் தண்டு 7.8தான். அடுத்த வாரம் 8 எம்எம் டிரில் பிட்டின் வால் பக்கத்தை வைத்தேன். இறுக்கமாகத்தான் போனது, ஆனால் தேய்ந்த சீல் வழியாகக் கிரீஸ் கசிந்துவிட்டது.

நேற்று செய்தித்தாளை நனைத்து, கிழித்து, சுண்டைக்காய் அளவில் உருட்டிக்கொண்டேன். டப்பாவை மரக்கட்டை மேல் வைத்து, ஓர் உருண்டை போட்டு, அதே டிரில் பிட்டால் சின்னச் சுத்தியலில் நாலு தட்டு. மறுபடி ஓர் உருண்டை. ஏழாவதில் தட்டும் சத்தமே மாறியது. விளிம்பில் மயிரிழை இடைவெளி. பன்னிரண்டாவதில் பேரிங் வெளியே! அதன் பின்னால் இருந்த காகிதம் அட்டைக் கட்டி போல இறுகிக் கிடந்தது. ஈரம் விட்டால் துரு ஏறும், உடனே துடைத்து வெயிலில் வைத்துவிட்டேன்.

பேரிங் வாங்குபவர்கள் கவனிக்க. முதலில் ஒரு கடையில் 40 ரூபாய்க்கு வாங்கியது விரலில் சுற்றும்போதே சொரசொரத்தது. அப்புறம் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜிபி ரோடு பக்கம் 110 ரூபாய்க்கு இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் கிடைத்தது. தண்ணீர் தெறிக்கும் இடத்துக்குத் தகர மூடி போட்ட இசட்இசட் வேண்டாம். "ரேடியேட்டர் சூடு பக்கத்திலேயே இருக்கு, சி3 கிளியரன்ஸ் எடுத்துக்கோ தம்பி" என்று கடைக்காரப் பெரியவர் தானே தேடிக் கொடுத்தார். சி3 என்றால் குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் நடுவே வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி.

புதியதை உள்ளே இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும் உட்காரும் சாக்கெட்டை வைத்துத் தட்டினேன். உள் வளையத்தில் தட்டினால் குண்டுகள் ஓடும் பாதையில் குழி விழுந்து முதல் நாளே இரையும்.

பிரஷ் பக்கப் புஷ் பாக்கி. லேத்தில் கடைந்த பித்தளைப் புஷ் எனக்குப் பிடிக்காது. நுண்துளைகளில் எண்ணெய் பிடித்து வைக்கும் சின்டர்ட் புஷ்தான் வாங்கினேன். இப்போது பழைய டிபன் டப்பாவில் இன்ஜின் ஆயிலில் ஊறுகிறது. கார்பன் பிரஷ்ஷும் மாற்றணும். அதற்குள் சூடு ஏறியதும் ஃபேனை ஓடவைக்கும் தெர்மோ சுவிட்சைக் கழற்றி, சனிக்கிழமை வெந்நீரில் தெர்மாமீட்டரோடு போட்டு, எந்தச் சூட்டில் ஆன் ஆகிறது என்று பார்க்கப்போகிறேன்.