கோப்பு மேசையிலேயே இருந்தால் போதும்

ஜல்லடியன்பேட்டையில் எங்கள் தெருமுனையில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கான பலகை எழுந்தது. அங்கிருந்து பார்த்தால் பள்ளிக்கரணைக் கழுவெளியின் கோரை தெரியும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த, ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் ஈரநிலம். சுற்றுச்சூழல் அனுமதி எப்படிக் கிடைத்தது என்று அறிய விரும்பினேன்.

கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையே விலக்கு அளித்துவிட்டது. பக்கத்தில் குடியிருப்பவருக்கு மிஞ்சுவது தகவல் உரிமைச் சட்டம். அனுமதிக் கோப்பின் நகல் கேட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு அனுப்பினேன்.

வணிக ரகசியம், பிரிவு 8(1)(டி), தர இயலாது என்று பதில் வந்தது. அனுமதி பெற்றவர் அதை நாளிதழில் விளம்பரம் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. ஊருக்கே சொல்ல வேண்டியது எப்படி ரகசியமாகும்? முதல் மேல்முறையீட்டில் இதையே எழுதினேன். இடையில் ஒருவர், 'கவனித்தால்' நகல் மறுநாளே வரும் என்று காதில் போட்டார். வேண்டாம் என்றேன்.

மேல்முறையீட்டில் கோப்பைப் பார்வையிட அனுமதி கிடைத்தது. சுற்றுச்சூழல் அறிக்கையைத் தயாரித்தவர், கட்டுமான நிறுவனமே பணம் கொடுத்து அமர்த்திய ஆலோசகர். அதற்குச் சட்டத்தில் தடையில்லை. கள ஆய்வுக் குறிப்பு அரசுத் தரப்பினுடையது. இரண்டிலும் பத்தி பத்தியாக ஒரே வாக்கியங்கள், ஒரே எழுத்துப்பிழை! கழுவெளிக்கு உள்ள தூரத்தை எந்தப் புல எண்ணிலிருந்து அளந்தார்கள் என்பது இரண்டிலும் இல்லை. லஞ்சம் என்று நான் எந்த மனுவிலும் எழுதவில்லை. கோப்பு அதைச் சொல்லாது. யாரும் களத்துக்குப் போகவில்லை என்பதை மட்டும் சொல்லாமல் சொல்லும்.

அதற்குள் காலக்கெடு போய்விட்டது. அனுமதியை எதிர்த்து, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள். காரணம் காட்டினால் மேலும் 60. அதற்குப் பிறகு வழியில்லை. தகவல் சட்டமோ முதல் பதிலுக்கே 30 நாள், மேல்முறையீட்டை முடிக்க 45 நாள் வரை கொடுக்கிறது. தவறு செய்தவர் கோப்பைத் திருத்தக்கூட வேண்டாம், மேசையில் கிடத்திவைத்தாலே ஜெயம்.

வழக்கறிஞர் வேறு வழி சொன்னார்: 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் மீறப்பட்டதாக அதே தீர்ப்பாயத்தில் தனி மனு. அதற்கு ஆறு மாத அவகாசம், 1,000 ரூபாய்க் கட்டணம். அது இப்போது விசாரணையில் இருக்கிறது.

தகவல் மனு போடுகிறவர்கள் நகலோடு, அந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜே)யின் கீழ் கோப்பைப் பார்வையிடவும் முதலிலேயே கேளுங்கள். பக்க எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்த நகல் கட்டின் நடுவே சில பக்கங்கள் காணவில்லை. குறிப்பு கையில் இருந்ததால் எண் சொல்லிக் கேட்டு வாங்கினேன்.