நாலு கொம்பு ரவுட்டரும் 94 எம்பிபிஎஸ்ஸும்

பழைய ரவுட்டர் ஒரு நாளைக்கு மூன்று தடவை செத்துப் பிழைக்க ஆரம்பித்ததும், விலை குறைவாக ஒன்று வாங்கிப் போடலாம் என்று இறங்கினேன். வீட்டில் இருப்பது 300 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 300 மெகாபிட்) நெட் இணைப்பு. அட்டைப் பெட்டியில் ‘ஏசி1200’ என்று கொட்டை எழுத்து. போதாததற்குக் கொம்பு மாதிரி நாலு ஆன்டெனா. 300க்கு 1200 தாராளம் என்று வாங்கி வந்துவிட்டேன்.

பிபிபிஓஇ (நெட் கொடுப்பவர்களிடம் லாகின் செய்யும் முறை) பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பழையதைக் கழற்றும் முன்பே குறித்து வைத்திருந்தேன். பழையதன் மேக் முகவரியை, அதாவது கருவியின் அடையாள எண்ணை, புதியதில் குளோன் செய்ததும் நெட் வந்தது. பத்து நிமிட வேலை.

ஆனால் வேகம் 94ஐத் தாண்டவில்லை. ரவுட்டரை ஒட்டி உட்கார்ந்தாலும் 94, லேப்டாப்பில் கேபிளைச் செருகினாலும் 94. இணைப்பு தருபவர்களின் உதவி எண்ணுக்கு மூன்று முறை கூப்பிட்டேன். முதல் இரண்டு பேரும் “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்றார்கள். மூன்றாவது ஆள், “எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு” என்று சொல்லிப் போனை வைத்தார். பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது உண்மைதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

பெட்டியின் பக்கவாட்டில், படிக்கக் கண்ணாடி தேவைப்படும் அளவுப் பொடி எழுத்தில் இருந்தது விஷயம்: ‘10/100 போர்ட்’ (போர்ட் என்றால் கேபிள் செருகும் துளை). அந்த 1200 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையின் 300ஐயும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 867ஐயும் கூட்டி, மேலே கொஞ்சம் தூக்கிப் போட்ட கணக்கு. அதுவும் காகிதத்தில் மட்டும் வரும் வேகம். வெளியிலிருந்து நெட் நுழைகிற வாசலோ 100தான். அதில் சில்லறைச் செலவு போகக் கைக்கு வருவது 94, 95. வாசல் குறுகலாக இருக்கும்போது எத்தனை கொம்பு இருந்து என்ன?

திருப்பிக் கொடுக்கப் போனால், “சீல் கிழிஞ்சிருக்கு, பொருள்ல பழுதும் இல்லையே” என்றார்கள். பழுது இல்லைதான், என்ன சொல்வது!

இரண்டாவது முறை ஆன்டெனாவை எண்ணவே இல்லை. வான் போர்ட் (வெளி நெட் நுழைவது), லான் போர்ட் (வீட்டுக் கருவிகளுக்குப் போவது) இரண்டுமே ‘10/100/1000’ என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இன்னொன்று: ஒரே மாடல் பெயரில் வி1, வி2 என்று வரும், உள்ளே இருக்கும் சிப்பே வேறாக இருக்கலாம். படித்த விமர்சனம் எந்த வெர்ஷனுக்கு என்று பார்த்து, அடிப்பக்க ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். வைஃபை 6 வேண்டுமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வீட்டில் இருக்கும் போன்கள் எல்லாம் வைஃபை 5, அதனால் விட்டுவிட்டேன்.

புதுசை மாட்டினேன். மறுபடியும் 94.

அன்று இரவு தூக்கம் போனது. மறுநாள், ஃபைபர் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு வரும் கேபிளைப் பிடுங்கி, முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். எட்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நாலு. ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் மட்டும். நீலத்தையும் பழுப்பையும் யாரோ வெட்டி விட்டிருந்தார்கள். 100க்கு நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு, அதாவது 1000க்கு, எட்டும் வேண்டும். இணைப்பு கொடுத்த அன்றிலிருந்தே இப்படித்தான் ஓடியிருக்கிறது! எட்டுக் கம்பியும் உள்ள ஒரு கேட் 5இ கேபிள் மாற்றியதும் 290ஐத் தொட்டது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் ஒரு சந்தேகம், முதல் ரவுட்டர் மேல் வீண் பழி போட்டுவிட்டேனோ என்று. புதுக் கேபிளை அதில் செருகிப் பார்த்தேன். 94. வீண் பழி இல்லை.

இப்போது அது பின் அறையில் ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது வைஃபையை மட்டும் பரப்பும் பெட்டியாக, இருக்கிறது. லான் போர்ட்டிலிருந்து லான் போர்ட்டுக்குக் கேபிள், வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரி 192.168.0.2. அதில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி பிரித்துக் கொடுக்கும் வசதி) அணைக்க மறந்ததால் ஒரு சாயங்காலம் வீட்டில் பாதி போன்களுக்கு நெட் இல்லாமல் நான் வாங்கிய திட்டு தனிக்கதை. முதலில் டிஹெச்சிபியை அணைத்துவிட்டுக் கேபிளைச் செருகுங்கள். அந்த அறையில் டிவி மட்டும்தான், 94 அதற்கு ஏராளம்.