கவுண்ட் சைபர் என்று வந்த பிறகு

கல்யாணமாகி நாலு வருஷம். "விசேஷம் ஒண்ணும் இல்லியா மக்கா?" என்று கேட்காத ஆள் குலசேகரத்தில் இல்லை. முதல் மூன்று வருஷமும் மருத்துவம் எல்லாம் என் மனைவிக்குத்தான் நடந்தது. ஸ்கேன், மாத்திரை, கருக்குழாய் அடைப்பு பார்க்கிற எக்ஸ்ரே, போதாததற்கு மண்டைக்காட்டுக்கு ஒரு நேர்ச்சை. என்னை ஒரு டெஸ்டுக்கும் அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் தப்பு.

கடைசியில் நாகர்கோவிலில் ஒரு லேபில் விந்து கொடுத்தேன். உயிரணு கவுண்ட் 0. இரண்டு வாரம் கழித்து வேறு லேபிலும் அதே 0. விந்து வருகிறது, அளவிலும் குறைவில்லை, அப்புறம் எப்படி? அந்தத் திரவத்தில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட்டிலும் ஊறுவது, உயிரணுவின் பங்கு கொஞ்சம்தான், அதனால் கண்ணால் பார்த்து ஒன்றும் தெரியாதாம்.

திருவனந்தபுரத்து டாக்டர் கையால் தொட்டே பாதியைச் சொல்லிவிட்டார். விதையின் அளவு சரி, உயிரணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்எஸ்எச் என்ற ஹார்மோனும் ரத்தத்தில் சரி. சின்ன வயதில் ஆபரேஷன் ஏதாவது உண்டா என்றார். ஆறு வயதில் இரண்டு பக்கமும் குடலிறக்கத்துக்குச் செய்தது. உயிரணு வரும் குழாயும் அந்த வழியாகத்தான் போகிறது, அப்போது நசுங்கியோ அறுபட்டோ இருக்கலாம் என்றார். ரப்பர் வெட்டுகிற எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை: மரத்தில் பால் இருக்கிறது, சிரட்டைக்கு வந்து சேரவில்லை. உற்பத்தியே குறைந்தவர்களுக்குத்தான் விதையைத் திறந்து மைக்ராஸ்கோப் வைத்துத் தேடும் மைக்ரோ டெசே, அதிலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. எனக்கு ஊசியே போதும் என்றார்.

மரத்துப்போக அரையில் போட்ட ஊசி இருக்கிறதே, அதுதான் மொத்த வலியும். முதலில் பீசா, விதைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சுருள்குழாயில் ஊசி குத்தி உறிஞ்சுவது. பக்கத்து அறையில் ஒருவர் மைக்ராஸ்கோப்போடு உட்கார்ந்திருக்க, கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். முதல் துளியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் உண்டு, ஆனால் அசையவில்லை என்று மலையாளத்தில் சொன்னது எனக்கும் கேட்டது, என் உள்ளங்கை வேர்த்துவிட்டது. சரி, டெசா பார்க்கலாம் என்று விதைக்குள்ளேயே ஊசியை விட்டார். அடிவயிற்றை யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி ஒரு இழுப்பு. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு உள்ளேயிருந்து, "அசைகிறது."

இப்படி எடுப்பது சொற்பம்தான், அதை நேரே கருப்பையில் விட்டுப் பயனில்லை, ஒரு முட்டைக்கு ஒன்று வீதம் ஊசியில் செலுத்தும் இக்சிதான் வழி. எடுத்ததை உறைய வைக்க இருவரும் கையெழுத்துப் போட்டோம். இதை ஆபரேஷனுக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், மேசையில் படுத்துக்கொண்டு யோசிக்க முடியாது.

ஐஸ் வைப்பது, இறுக்கமான ஜட்டி, ஒரு வாரம் பைக் கூடாது. எல்லாம் சொன்னார்கள், களியக்காவிளை தாண்டி வரும் பஸ்ஸைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு குழிக்கும் சீட்டைவிட்டு எழுந்து நின்றேன்.

மனைவிக்கு முட்டை எடுப்பது அடுத்த மாதம். வீட்டில் அம்மாவிடம், பழைய குடலிறக்கம் திரும்ப வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறோம். அன்றைக்கு ஒழுங்காச் செய்யாம விட்டுட்டானுவ என்று அந்தப் பழைய ஆஸ்பத்திரியை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள். நான் ஒன்றும் மறுத்துப் பேசுவதில்லை.