பின்னூட்டல் இல்லாத ஒப்-அம்ப்: பெருக்குவதற்கு முன் பார்க்க வேண்டியது

முதலில் ஒரு கணக்கு. செயற்பாட்டு விரியலாக்கி (ஒப்-அம்ப்) ஒன்றின் + பெய்ப்பில் (உள்ளீட்டில்) 2.003 வோல்ற்று, − பெய்ப்பில் 2.000 வோல்ற்று. திறந்த தட வோல்ற்றளவு நயம் (பெய்ப்புகளின் வித்தியாசத்தைப் பெருக்கும் மடங்கு) 100,000. வலு வழங்கல் ±15 வோல்ற்று. பின்னூட்டல், அதாவது வெளியீட்டிலிருந்து பெய்ப்புக்குத் திரும்பி வரும் பாதை, எதுவும் இல்லை. பயப்பு (வெளியீட்டு) வோல்ற்றளவு என்ன?

ஹட்டன் பக்கம் உயர்தர மாணவர்களுக்கு விடுமுறை நாட்களில் பௌதிகவியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதினால் பாதிப்பேர் மளமளவென்று 300 வோல்ற்று என்று போட்டுவிடுவார்கள். ஒருமுறை ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, 300 வருதே, தொட்டா ஷாக் அடிக்குமா?" கேலிக்குத்தான் கேட்டான். ஆனால் கேட்டது சரியான கேள்வி. 15 வோல்ற்று வழங்கலை வைத்துக்கொண்டு 300 வோல்ற்றுக்கு எங்கே போவது? ஒப்-அம்ப் தானாக வோல்ற்றளவை உண்டாக்குவதில்லை. வழங்கலில் இருப்பதை எடுத்துத்தான் பயப்பில் கொடுக்கிறது. ஆகவே விடை +15 வோல்ற்று. நிரம்பல் வோல்ற்றளவு (பயப்பு எட்டக்கூடிய எல்லை) என்று ±13 போல வேறொரு பெறுமானத்தை வினாவில் தந்திருந்தால் +13.

இதில் சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்: பயப்பு = நயம் × [(+ பெய்ப்பு) − (− பெய்ப்பு)]. இது எல்லோருக்கும் பாடம். சிக்கல் சூத்திரத்தில் இல்லை, அது எந்த எல்லைக்குள் செல்லுபடியாகும் என்பதில்தான். அதனால் நான் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கு கொஞ்சம் தலைகீழானது. வித்தியாசத்தை நயத்தால் பெருக்கப் போகாதீர்கள். அதற்கு முன்னால் நிரம்பல் வோல்ற்றளவை நயத்தால் வகுங்கள். மேலே உள்ள கணக்கில் 15 ஐ 100,000 ஆல் வகுத்தால் 150 மைக்குரோ வோல்ற்று. இதை விடைத்தாளின் ஓரத்தில் எழுதி ஒரு வட்டம் போட்டு வையுங்கள். இரண்டு பெய்ப்புகளுக்கும் இடையிலான வித்தியாசம் இந்த 150 மைக்குரோ வோல்ற்றுக்குக் குறைவாக இருந்தால் மட்டும்தான் பெருக்க வேண்டிய வேலையே வரும். கூடினால் குறியைப் பார்த்து +15 அல்லது −15 என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.

150 மைக்குரோ வோல்ற்று எவ்வளவு சின்னது என்பதைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். கடையில் விற்கும் சாதாரண மல்ரிமீற்றரை 200 மில்லி வோல்ற்று வீச்சில் வையுங்கள். அதன் கடைசி இலக்கம் 0.1 மில்லி வோல்ற்று, அதாவது 100 மைக்குரோ வோல்ற்று. ஒப்-அம்ப்பின் நேர்கோட்டுப் பகுதி (பெருக்கல் செல்லுபடியாகும் வீச்சு) பூச்சியத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் அந்த மீற்றரின் கடைசி இலக்கம் ஒன்றரைப் படி அசைவதற்குள் முடிந்துவிடும். 3 மில்லி வோல்ற்று என்பது நமக்குச் சின்ன எண். அதற்கு அது எல்லையைப்போல 20 மடங்கு.

சரி, வித்தியாசம் எல்லைக்குள் இருந்தால்? + பெய்ப்பில் 40 மைக்குரோ வோல்ற்று, − பெய்ப்பில் 70 மைக்குரோ வோல்ற்று என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் −30 மைக்குரோ வோல்ற்று. 150 ஐ விடச் சிறியது, எனவே பெருக்கலாம்: −3 வோல்ற்று. பல்தேர்வில் இப்படியொரு வினா வந்தால் ஐந்து விடைகளில் −15, +15, +3, −3 எல்லாமே இருக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டு போங்கள். "பின்னூட்டல் இல்லை என்றால் எப்போதும் நிரம்பல்தான்" என்று மனப்பாடம் செய்தவர் −15 ஐத் தெரிவார். அந்த மனப்பாடம் பெரும்பாலும் கைகொடுக்கும், மைக்குரோ வோல்ற்றுக் கணக்கு வரும் அன்றைக்குக் காலை வாரிவிடும்.

குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் ஒப்-அம்ப்பைக் குறிக்கும் முக்கோணத்தின் மூக்குக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் + உம் − உம் நேர்மாற்றாப் பெய்ப்பு (குறியை மாற்றாதது), நேர்மாற்றும் பெய்ப்பு (குறியை மாற்றுவது) என்பதைத்தான் காட்டுகின்றன. + பெய்ப்புக்கு நேர் வோல்ற்றளவுதான் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. + பெய்ப்பில் −3.2 வோல்ற்று, − பெய்ப்பில் −3.5 வோல்ற்று என்றால் வித்தியாசம் +0.3. இரண்டு பெய்ப்பும் மறையாக இருந்தும் பயப்பு +15. வினா தயாரிப்பவர்களுக்கு இது பிடித்தமான இடம். படத்தில் − பெய்ப்பை மேலேயும் + பெய்ப்பை கீழேயும் வரைவது வழக்கம், சில நேரம் மாற்றியும் வரைவார்கள். மேல், கீழ் என்று நினைவில் வைக்காமல் ஒவ்வொரு முறையும் குறியைப் பாருங்கள்.

இன்னொரு குழப்பம் மூடிய தடத்தை (பின்னூட்டல் உள்ள சுற்றை) முதலில் படித்தவர்களுக்கு வரும். அங்கே "இரண்டு பெய்ப்புகளும் ஒரே அழுத்தத்தில் இருக்கும்" என்று படித்திருப்பீர்கள். அது மறைப் பின்னூட்டல் இருந்து, பயப்பு நிரம்பாமல் இருக்கும்போது மட்டும் உண்மை. பயப்பிலிருந்து − பெய்ப்புக்குத் திரும்பி வரும் பாதை இல்லை என்றால் அந்தச் சமத்தைக் கொண்டுவர ஆள் இல்லை. ஆனால் "பெய்ப்புகள் ஓட்டம் எடுப்பதில்லை" என்ற மற்ற விதி இங்கேயும் செல்லும். அதனால்தான் பெய்ப்பில் தொடுத்த அழுத்தப் பிரிப்பானை (தொடரான இரு தடையிகளின் நடுவிலிருந்து வோல்ற்றளவின் ஒரு பங்கை எடுக்கும் அமைப்பை) ஒப்-அம்ப் அங்கே இல்லாதது போலவே கணிக்கலாம். சுற்றைப் பார்த்ததும் பயப்பில் விரலை வைத்து கம்பி வழியே பின்னால் வாருங்கள். − பெய்ப்பில் போய் நின்றால் மூடிய தடச் சூத்திரம். எங்கும் திரும்பாமல் புவிக்கோ எல்.ஈ.டி.க்கோ போனால் நாம் பேசும் சுற்று. தடையிகள் நிறைய இருப்பதைப் பார்த்துப் பயந்து உடனே தடை விகிதத்தை எழுதிவிடாதீர்கள்.

இனி, எனக்கு இந்தப் பகுதியில் மிகவும் பிடித்த உதாரணம். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் தரையில் பனி உறைந்து தேயிலைக் கொழுந்து கருகிப்போவது நமக்குப் பழக்கமான விசயம். வெப்பநிலை 0 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் ஒரு எல்.ஈ.டி. எரிய வேண்டும் என்று கேட்டால் சுற்றை எப்படி அமைப்பது?

ஒரு வெப்பத்தடையியை எடுத்துக்கொள்வோம், குளிரக் குளிரத் தடை கூடும் வகை. 0 பாகையில் அதன் தடை 33 கிலோ ஓம் என்று வைப்போம். அதை +12 வோல்ற்றுக்கும், 33 கிலோ ஓம் நிலையான தடையி ஒன்றை அதன் கீழே புவிக்கும் தொடுத்து, நடுப்புள்ளியை − பெய்ப்புக்குக் கொடுங்கள். + பெய்ப்புக்கு 10 கிலோ ஓம் தடையிகள் இரண்டால் ஆன பிரிப்பானிலிருந்து 6 வோல்ற்று. வழங்கல் ±12. பகலில் வெப்பத்தடையியின் தடை குறைவு, நடுப்புள்ளி 6 வோல்ற்றுக்கு மேலே நிற்கும், வித்தியாசம் மறை, பயப்பு −12. குளிர் இறங்க இறங்க நடுப்புள்ளியும் இறங்கி வரும். 0 பாகையைத் தாண்டியதும் − பெய்ப்பு 6 க்குக் கீழே போய்விடும், பயப்பு +12 க்குப் பாயும். எல்.ஈ.டி.யையும் அதற்கான காப்புத் தடையியையும் பயப்புக்கும் புவிக்கும் இடையில் போட்டால் வேலை முடிந்தது. பயப்பு −12 இல் இருக்கும் நேரம் எல்.ஈ.டி.க்குப் பின்முக வோல்ற்றளவு தாங்காது என்பதால் அதனோடு தொடராக ஒரு சாதாரண இருவாயியையும் (டயோட்) போடுவது நல்லது.

எவ்வளவு கூர்மையாக மாறும் என்று பார்ப்போம். நயம் 100,000 என்றால் எல்லை 120 மைக்குரோ வோல்ற்று. 6 வோல்ற்றுக்கு அருகே நடுப்புள்ளி அவ்வளவு அசைவதற்கு 33 கிலோ ஓம் தடையில் வெறும் 1.3 ஓம் மாறினால் போதும். இப்படிப்பட்ட வெப்பத்தடையி 0 பாகையை அண்டி ஒரு பாகைக்கு ஏறத்தாழ 5 சதவீதம், அதாவது 1,600 ஓமுக்கு மேல் மாறும். அப்படியானால் 1.3 ஓம் என்பது ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கொழுந்து மடுவத்தில் (பறித்த கொழுந்தை நிறுக்கும் இடத்தில்) தராசு எத்தனை கிலோ என்று சொல்லும். இந்தச் சுற்று அதைச் சொல்லாது, எந்தப் பக்கம் கூட என்று மட்டும் சொல்லும். அதனால்தான் இதற்கு ஒப்பீட்டுச் சுற்று என்று பெயர். பரீட்சையில் வெப்பத்தடையிக்குப் பதில் எல்.டி.ஆர். (ஒளி கூடினால் தடை குறையும் தடையி) வரலாம், தெருவிளக்கு வரலாம், தண்ணீர்த் தாங்கியின் மட்டம் வரலாம். எல்லாவற்றிலும் கேட்கப்படுவது ஒன்றுதான்: எந்தப் பெய்ப்பு மாறாமல் நிற்கிறது, எது அசைகிறது, அசைவது எப்போது மற்றதைத் தாண்டுகிறது?

வரைபு வினாக்களுக்கும் இதே கேள்விதான். + பெய்ப்பில் வீச்சம் 4 வோல்ற்று உள்ள 50 ஹேர்ட்ஸ் சைன் அலை, − பெய்ப்பில் நிலையான 2 வோல்ற்று. ஒரு முழு அலையை 360 பாகை என்று எடுத்தால், அலை 2 வோல்ற்றைத் தாண்டுவது 30 பாகையில், மறுபடி கீழே இறங்குவது 150 பாகையில். இடையில் உள்ள 120 பாகைக்கு மட்டும் பயப்பு +15, மிச்சம் 240 பாகைக்கு −15. ஆவர்த்தன காலம் 20 மில்லி செக்கன் என்பதால் மேலே நிற்பது சுமார் 6.7 மில்லி செக்கன். சதுர அலை என்றதும் பாதி மேலே பாதி கீழே என்று கை தானாக வரைந்துவிடும். அது − பெய்ப்பு 0 வோல்ற்றில் இருந்தால்தான் சரி. பெய்ப்பு அலையை மேலேயும் பயப்பை அதன் நேர் கீழேயும் ஒரே நேர அச்சில் வரைந்து, வெட்டும் புள்ளிகளிலிருந்து புள்ளிக்கோடு இறக்குங்கள். நிரம்பல் பெறுமானங்களை அச்சில் எழுத மறக்காதீர்கள். வடிவம் சரியாக இருந்தாலும் எண் இல்லாத வரைபு அரைகுறை வரைபுதான்.

வாய்ப்புக் கிடைத்தால் சுற்றை நிசமாகச் செய்து பாருங்கள். 1968 இல் ஃபெயார்சைல்ட் நிறுவனத்தில் டேவ் ஃபுலகர் வடிவமைத்த 741 என்ற ஒப்-அம்ப் இன்னும் விற்பனையில் இருக்கிறது, விலையும் அதிகமில்லை. கொழும்புக்குப் போகும் யாரிடமாவது சொல்லிவிட்டால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கி வருவார்கள். 2 ஆம் கால் − பெய்ப்பு, 3 ஆம் கால் + பெய்ப்பு, 6 ஆம் கால் பயப்பு, 7 இல் நேர் வழங்கல், 4 இல் மறை வழங்கல். 9 வோல்ற்று பற்றரி இரண்டைத் தொடராகத் தொடுத்து நடுவைப் புவியாக எடுத்தால் ±9 கிடைக்கும்.

செய்து பார்க்கும்போது புத்தகத்தில் இல்லாத சில சங்கதிகள் வெளிவரும். இரண்டு பெய்ப்புகளையும் புவியோடு தொடுத்தால் பயப்பு 0 வர வேண்டும் அல்லவா? வராது. ஏதாவது ஒரு பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். உள்ளே உள்ள திரான்சிற்றர்கள் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதில்லை, அதனால் 741 இல் ஓரிரு மில்லி வோல்ற்று வித்தியாசம் எப்போதும் பெய்ப்பில் இருப்பதுபோலத்தான். அதன் நயம் வழமையாக 200,000 அளவில் இருக்கும், 1 மில்லி வோல்ற்றே 200 வோல்ற்று கேட்கும். பயப்பும் வழங்கலைச் சரியாக எட்டாது. ±15 கொடுத்தால் ±13, ±14 அளவில் நின்றுவிடும். மறை வழங்கல் காலைப் புவியோடு தொடுத்து ஒற்றைப் பற்றரியில் ஓட்டினால் பயப்பு 0 க்கு இறங்காமல் 2 வோல்ற்றை அண்டி நிற்கும், சிவப்பு எல்.ஈ.டி. அணைய வேண்டிய நேரத்திலும் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். சுற்றில் பிழை என்று பிரித்துப்போட்டுவிடாதீர்கள். ஒற்றை வழங்கலுக்கு என்றே வரும் 358 என்ற ஒப்-அம்ப்பைப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பரீட்சையில் இவற்றை இலட்சிய ஒப்-அம்ப்பாகவே எடுக்க வேண்டும். வேறாகச் சொல்லாதவரை இரு பெய்ப்பும் சமம் என்றால் பயப்பு 0, நிரம்பல் என்றால் வழங்கல் வோல்ற்றளவு. ஆனால் மறை வழங்கல் முனை புவியோடு தொடுக்கப்பட்ட படம் வந்தால் கீழ்மட்டம் −15 அல்ல, 0. படத்தில் வழங்கல் முனைகளைப் பார்க்காமல் விடை எழுதுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் பலர் இரண்டாம் பத்திரத்தில் 9 ஆம் வினாவுக்கு (ஏ) பகுதியான மின்னோட்டவியலையே கண்ணை மூடிக்கொண்டு தெரிகிறார்கள். இலத்திரனியல் பாடத்திட்டத்தின் பின்பகுதியில் வருவதால் அவசரமாக முடிக்கப்படுவதே காரணம் என்று நினைக்கிறேன். எனக்கென்னவோ இலத்திரனியல் வரும் (பி) பகுதி நேரத்தைக் குறைவாக எடுக்கிறது. நீளமான சமன்பாடுகள் இல்லை, ஒரு படியில் பிழைத்தாலும் அடுத்த படி பெரும்பாலும் தப்பிவிடும். ஒப்-அம்ப்போடு தருக்கப் படலைகளையும் (லொஜிக் கேற்) திரான்சிற்றரையும் சேர்த்துத் தயார்செய்திருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள், ஒப்-அம்ப்பை மட்டும் நம்பிப் போக வேண்டாம். எதைத் தெரிவதானாலும் முதற் பத்திரத்தின் 50 வினாக்களில் தெரிவு கிடையாது, அங்கே இந்த அலகை விட்டுவிட்டுப் போக முடியாது. கடந்தகால வினாத்தாள்களைச் செய்யும்போது ஒப்-அம்ப் வினாக்களை மட்டும் தனியாகப் பொறுக்கி ஒரே இருப்பில் செய்யுங்கள், புள்ளியிடும் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எந்த வரிக்குப் புள்ளி என்று பாருங்கள்: வித்தியாசத்தைக் குறியோடு எழுதியதற்கா, நிரம்பல் என்ற சொல்லுக்கா, கடைசி எண்ணுக்கா என்று.