பத்து கிராம் கணக்கு

அக்டோபர் 31, 2024, வியாழன்

தீபாவளி. அதிரசம் ஒன்றே ஒன்றுதான் சாப்பிட்டேன். எத்தனை யூனிட் இன்சுலின் என்று தெரியாமல் நான்கு போட்டேன். இரவு சர்க்கரை 17.3, நம் ஊர்க் கணக்கில் 311.

நவம்பர் 3, ஞாயிறு

நாளை டாஃப்னே வகுப்பு. டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, சாப்பாட்டுக்கு ஏற்ப இன்சுலினைக் கணக்கிடச் சொல்லித்தரும் ஐந்து நாள். பதினொரு மாதம் காத்திருந்து கிடைத்த இடம். இரண்டு வாரச் சர்க்கரைக் குறிப்பைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தேன். பகல் கட்டங்கள் பரவாயில்லை. படுக்கப்போகும் நேரத்துக் கட்டங்கள் எல்லாம் 12, 13, 14. அதை யாருக்கும் காட்டியதில்லை. இவருக்குக்கூட.

இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைச் சேர்த்துக் காட்டும் HbA1c 67 இருக்கிறது. குழந்தைக்கு முயல்வதற்கு முன் அது 48-க்குக் கீழே வர வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் டிராயரில் அப்படியே கிடக்கிறது, பிரிக்கவில்லை.

நவம்பர் 4, திங்கள்

எட்டுப் பேர். ஒரு நர்ஸ், ஒரு டயட்டீஷியன். மேசை நடுவில் கேக், பிஸ்கட் எல்லாம் இருந்தது. காலை இடைவேளையில் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் விரலைக் குத்தினோம். அந்தச் சின்ன 'டக்' சத்தம் வரிசையாகக் கேட்டபோது தொண்டை அடைத்துவிட்டது. இருபது வருடத்தில் என்னைப் போல இன்னொருவரோடு ஒரே அறையில் உட்கார்ந்தது இதுதான் முதல் முறை. சுகர் இருக்கிற மாமாக்கள், சித்தப்பாக்கள் ஊர் நிறைய உண்டு. அது வேறு, இது வேறு என்று ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருக்கிறேன். இங்கே சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

பத்து கிராம் மாவுச்சத்து என்றால் ஒரு சிபி. ஒரு சிபிக்கு இத்தனை யூனிட் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு விகிதம். எனக்கு இப்போதைக்குக் காலையில் ஒன்றரை, மற்ற வேளைக்கு ஒன்று. டாஃப்னே என்ற பெயரே, சாதாரணமாகச் சாப்பிடு, அதற்கேற்ப மருந்தை மாற்று என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான். ஜெர்மனியில் டுசெல்டார்ஃபில் மைக்கேல் பெர்கரும் அவரோடு இருந்தவர்களும் தொடங்கிய முறையாம். இங்கே பிரிட்டனில் சோதித்துப் பார்த்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள்.

2002. எனக்கு இது வந்ததே 2004-இல். பன்னிரண்டு வயது, கும்பகோணம். காலை ஏழரைக்கு ஊசி, எட்டு மணிக்கு மூன்று இட்லி. பசித்தாலும் மூன்று, பசிக்காவிட்டாலும் மூன்று. கலவை இன்சுலின் உள்ளே போய்விட்டது, அதற்காகவாவது சாப்பிட்டாக வேண்டும். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மருந்து பாட்டிலை மண்பானைக்குள் வைத்து, சுற்றி ஈரத்துணி கட்டி, அம்மா பின்கட்டில் வைத்திருப்பாள். பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் ஒரு வாழைப்பழத்தோடு நிற்பாள். என் சாப்பாடு என்னுடையதாக இருந்ததே இல்லை. அது மருந்தின் சாப்பாடு.

நவம்பர் 5, செவ்வாய்

இன்று நர்ஸ் ஒவ்வொருவரையும் திரைக்குப் பின்னால் அழைத்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். தொப்புளுக்கு இடது பக்கம் கை நின்றது. எலுமிச்சை அளவுக்கு ஒரு மேடு. எனக்குத் தெரியும். அங்கே குத்தினால் வலிக்காது, அதனால் அங்கேயே குத்திக்கொண்டிருந்தேன். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் போடுவதால் தோலுக்கடியில் கொழுப்பு தடிக்கிறது, அதற்குள் போன மருந்து ஒரு நாள் மெதுவாக வரும், ஒரு நாள் ஒன்றாக வரும் என்றார். காரணமே இல்லாமல் ஏறி இறங்கிய அத்தனை நாட்களும் கண்முன் வந்தன. என்மேல்தான் தப்பு, நாக்கைக் கட்டவில்லை என்று நினைத்து அழுத நாட்கள் அவை.

புது இடத்தில் போடும்போது மருந்து நன்றாக ஏறும், அளவைக் கொஞ்சம் குறைத்தே ஆரம்பி என்றும் சொன்னார்.

வெளியே ஒரே வெடிச்சத்தம். இங்கே இன்றைக்குத்தான் வெடி.

நவம்பர் 6, புதன்

வகுப்பு நடுவே கை நடுங்கியது, சர்க்கரை இறங்கிவிட்டது. 3.3. யாரும் பதறவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் தன் டப்பாவை என் பக்கம் தள்ளினார். நான்கு கிராம் குளுக்கோஸ் மாத்திரை ஐந்து, பதினைந்து நிமிடம், மறுபடி விரல். 5.1. பாடம் தொடர்ந்தது.

அந்தப் பெரியவர் பஸ் ஓட்டியவர். 1996-இல் இது வந்தது. அப்போது இங்கே இன்சுலின் போடுபவருக்குப் பஸ் ஓட்ட அனுமதி கிடையாது. 2011-இல்தான் விதியைத் தளர்த்தினார்கள். அதற்குள் அவர் அஞ்சல் பிரிக்கும் வேலைக்குப் போய்ப் பழகிவிட்டார். "தினமும் அந்த வழித்தடத்தைக் கனவில் ஓட்டுவேன்" என்றார்.

மாலையில் குறிப்புகளைத் திரையில் போட்டார்கள். என் முறை வந்தது. இரவுக் கட்டங்களைப் பார்த்துவிட்டு நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லை, காத்திருந்தார். நானே சொல்லிவிட்டேன். 2019-இல் ஒரு விடியற்காலை மூன்று மணிக்கு இவர் என்னை எழுப்பி எழுப்பிப் பார்த்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டதை. அன்றிலிருந்து 12-க்குக் கீழே இருந்தால் நான் படுப்பதில்லை. ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டு ஏற்றிக்கொண்டுதான் படுப்பேன். பகல் முழுக்கக் கட்டிக் காத்ததை ராத்திரியில் நானே அவிழ்த்துவிடுகிறேன். 67 வந்தது அதனால்தான்.

எதிரே இருந்த கல்லூரிப் பையன் தலையைத் தூக்காமல், "நானும்" என்றான். அப்புறம் இன்னொரு பெண்.

படுக்கும்போது 6.5-இலிருந்து 8 வரை இருந்தால் போதுமாம்.

நவம்பர் 7, வியாழன்

சூரசம்ஹாரம். அம்மா ஆறு நாளாகப் பாலும் பழமும்தான். இன்று சுவாமிமலைக்குப் போய்விட்டு வந்து போன் செய்தாள். குரலே எழும்பவில்லை. "சஷ்டியில இருந்தா அகப்பையில வரும், பார்த்துக்கிட்டே இரு" என்றாள். நான் இருக்க வேண்டிய விரதத்தை இருபது வருடமாக அவள் இருக்கிறாள். எனக்கு மட்டும் எந்த விரதமும் கூடாது, ஒரு வேளை தவறினாலும் மயங்கி விழுவேன் என்று பயம்.

மத்தியானம் நர்ஸிடம் கேட்டிருந்தேன். நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் பின்னணி இன்சுலின் அளவு சரியாக இருந்தால், சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை அதே இடத்தில் நிற்க வேண்டும்; அதைச் சோதிக்க ஒரு வேளையை விட்டுப் பார்ப்பதுதான் வழி என்றார். எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தார்.

மாலை ஆறு: 6.9. ராத்திரிச் சாப்பாடு இல்லை, சாப்பாட்டு ஊசியும் இல்லை. விளக்கேற்றி உட்கார்ந்தேன். எட்டு: 7.0. ஒன்பதரை: 6.6. பதினொன்று: 6.4.

நின்றது. அப்படியே நின்றது. வயிற்றில் பசி. பசியை நான் முழுசாக உணர்ந்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. அழுதேன். இவர் பயந்துபோய் மீட்டரைத் தேடினார்.

நவம்பர் 8, வெள்ளி

கடைசி நாள். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்ற பாடம். இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் கீட்டோன் என்ற அமிலம் 1.5-ஐத் தாண்டினால் ஒரு நாளின் மொத்த இன்சுலினில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு மணிக்கொரு தரம். 3-ஐத் தாண்டினால் அதற்கு இரு மடங்கு. சாப்பிட முடியவில்லை என்பதற்காகப் பின்னணி ஊசியை நிறுத்தவே கூடாது. இந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன்.

பஸ் பெரியவர் கை குலுக்கிவிட்டு, "சர்க்கரைக்கு நான்குதான் தரை, மறக்காதே" என்றார்.

நவம்பர் 9, சனி

இடது பக்கம் தொட மாட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

வகுப்புப் பட்டியலில் வெண்பொங்கல் இல்லை. டயட்டீஷியன் சொன்ன வழியில் நானே போட்டேன். பச்சரிசி 150 கிராம், பாக்கெட்டில் நூறுக்கு 78 என்று இருந்தது, ஆக 117. பாசிப்பருப்பு 75 கிராம், நூறுக்கு 46, ஆக 34.5. சேர்த்தால் 151.5, பதினைந்து சிபி. வெந்து இறங்கியதும் பாத்திரத்தின் எடையைக் கழித்துப் பார்த்தால் 900 கிராம். 60 கிராம் பொங்கல் ஒரு சிபி!

210 கிராம் வைத்துக்கொண்டேன். மூன்றரை சிபி, ஒன்றரை விகிதம், 5 யூனிட். நெய் இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும் என்று தெரிந்ததால் இரண்டு மணி நேரத்தில் 7.8 பார்த்துச் சும்மா இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் 6.4.

அம்மாவிடம் சொன்னேன். "என்னடி ஆறு, நாலுன்னு சொல்ற? நம்ம ஊர்க் கணக்குல சொல்லு." பதினெட்டால் பெருக்கி 115 என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பொங்கல் சாப்பிட்டா?" என்றாள்.

நவம்பர் 14, வியாழன்

ராத்திரி 8.9. பாதி வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டேன். காலை 13.

நவம்பர் 17, ஞாயிறு

காய்ச்சல். சுகர் 16.8, கீட்டோன் 1.7. ஃபிரிட்ஜ் கதவுத் தாள். என் மொத்தம் 40, ஆக 4 யூனிட். தண்ணீர்.
எட்டு மணி: 14.1, கீட்டோன் 1.6. இன்னொரு 4.
பத்து மணி: 11.0, 0.9. இவர் அலாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தாளை அவரே படித்துக் கணக்குப் போடுகிறார்.

நவம்பர் 18, திங்கள்

0.3. ரசம் சாதம், 3 சிபி.

நவம்பர் 20, புதன்

எல்லாம் அளந்தேன். இடம் மாற்றிப் போட்டேன். 15.2. மறுபடி 14.6. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் இப்படி ஏறும், தற்காலிகமாகப் பின்னணியைக் கூட்டலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். தெரிந்தும் கோபம் வருகிறது. தராசைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். 48 வருவதற்குள் எனக்கு எத்தனை வயதாகும்?

நவம்பர் 21, வியாழன்

தராசை எடுத்தேன்.

நவம்பர் 23, சனி

கடிதம் வந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனை பிப்ரவரியில். இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைச் சேர்த்துக் காட்டும் பரிசோதனை, அதனால் அதற்கு முன் எடுத்தும் பயனில்லை. நாட்காட்டியில் குறித்தேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

இரவு 11:10. 6.8. வாழைப்பழம் சமையலறையிலேயே இருக்கிறது. மூன்று மணிக்கு ஒரு அலாரம் வைத்திருக்கிறேன்.