ரெண்டு கையெழுத்தில் ஒரு நோட்டு

“பழகிட்டா அப்புறம் எப்படிங்க திருப்பி அனுப்புறது?”

வளர்ப்புப் பராமரிப்பு பற்றிப் பேச எந்தத் திருச்சபைக்குப் போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். பெரும்பாலும் ஆராதனை முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, யாராவது ஒருவர் ஓரமாக அழைத்துப்போய்க் கேட்பார். மேடையிலிருந்து கேட்டால் கல்நெஞ்சம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம். என்னைக் கேட்டால், இந்த வேலைக்கு வருகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். கேட்காதவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சம் பயம்.

குழந்தைகள் நல அலுவலகத்துக்கும் சபைகளுக்கும் நடுவில் ஆள்களை இணைத்துவைப்பது என் வேலை. தத்து வேறு, இது வேறு என்று விளக்கியே பாதி தொண்டை போய்விடும். தத்தெடுத்தால் பிள்ளை சட்டப்படி உங்கள் பிள்ளை. வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளை வேறொருவருடையது. அந்த வீடு இடிந்து கிடக்கிற காலத்தில், அது சரியாகும் வரை, உங்கள் வீட்டில் இருக்கும். ஒரு மாதமாகவும் இருக்கலாம், மூன்று வருடமாகவும் இருக்கலாம். சரியாகாமலே போய், வேறு நிரந்தர ஏற்பாட்டைத் தேட வேண்டியும் வரலாம்.

அப்படிப் போன ஒரு சபையில் நான் பேசி முடித்த அன்று பதினைந்து குடும்பங்கள் பெயர் கொடுத்தன. கடைசிவரை நின்றது மூன்று. மற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விசாரணை அப்படி. காவல்துறைச் சரிபார்ப்பு, வீட்டுக்கு நாலைந்து முறை வருகை, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச்சு. சின்ன வயதில் உங்களை எப்படித் தண்டித்தார்கள், கணவன் மனைவிக்குள் சண்டை வந்தால் யார் முதலில் பேசுவீர்கள், இதெல்லாம் கேட்போம். சபையின் மூப்பர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. “இருபது வருஷமா ஞாயிறு பள்ளி நடத்துறேன். என்னையே விசாரிக்கிறீங்களா?”

எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது. யாக்கோபு நிருபத்தில் திக்கற்ற பிள்ளைகளை ‘விசாரிக்கிறது’ என்றுதானே இருக்கிறது? நலம் விசாரிப்பதும் அதே சொல், குறுக்குக் கேள்வி கேட்பதும் அதே சொல். ரெண்டையும் சேர்த்துச் செய்வதுதான் என் வேலை, ஐயா என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் படிவத்தை நிரப்பினார்.

நான் சொல்லப்போகிற பிள்ளை அவர் வீட்டுக்குப் போகவில்லை. தையல் வேலை செய்யும் ஓர் அக்கா வீட்டுக்குப் போனான். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) நாலு வயது. ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தன் பெயரைச் சொன்னான், சாப்பிட்டான், எல்லாரையும் பார்த்துச் சிரித்தான், ஷூவோடு படுத்துக்கொண்டான். கழற்றப் போனால் காலை இழுத்துக்கொண்டான். ராத்திரியில் திடீரென்று கிளம்பிப் பழகிய பிள்ளை அது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவன் தூங்கியபின் லேஸை மட்டும் தளர்த்திவிட்டார்.

முதல் ரெண்டு வாரம் சபையே அவனைக் கொண்டாடியது. யார் கை நீட்டினாலும் போனான், யார் மடியிலும் உட்கார்ந்தான், அடமே இல்லை. “எவ்வளவு சாதுவான பிள்ளை!” என்றார்கள். எனக்கு அதுதான் உறுத்தியது. நாலு வயதுப் பிள்ளை புது ஆளைக் கண்டால் அம்மா புடவைக்குப் பின்னால் ஒளிய வேண்டும். எல்லாரிடமும் போகிற பிள்ளைக்குத் தன்னுடைய ஆள் என்று ஒருவரும் இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம். மூன்றாவது வாரம் அக்கா போன் செய்தார். கடித்துவிட்டான், தட்டை வீசிவிட்டான், தலையணை உறைக்குள் பிஸ்கட், அதைச் சுற்றி எறும்பு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “தம்பி, இன்னைக்குத்தான் என்கிட்ட அழுதான்” என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அழுவதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது.

பிஸ்கட்டுக்காக அவர் திட்டவில்லை. அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு டப்பா வைத்தார். அது எப்போதும் நிறைந்திருக்கும், எடுக்க யாரிடமும் கேட்க வேண்டாம். பல வாரம் கழித்துத்தான் தலையணை உறை சுத்தமானது.

சபை இதில் என்ன செய்தது என்றால், நிறையவே செய்தது. பிள்ளையை வீட்டில் ஏற்க எல்லாராலும் முடியாது. ஆனால் ஏற்றவர் வீட்டைச் சுற்றி நிற்கலாம். ஒருவர் மருத்துவமனைக்கு வண்டி ஓட்டினார். ஒருவர் அக்காவின் சொந்த மகளை, எல்லாரும் மறந்துவிட்ட அந்தப் பத்து வயதுப் பெண்ணை, சனிக்கிழமை வெளியே கூட்டிப்போனார். ஒரு பெண்மணி வாரம் ஒருமுறை வந்து துவைத்த துணியையெல்லாம் மடித்துவைத்துவிட்டு, அறிவுரை எதுவும் சொல்லாமல் போய்விடுவார். அறிவுரை சொல்லாததற்காகவே அவருக்குத் தனி மரியாதை கொடுக்கலாம். அக்காவுக்கு ரெண்டு நாள் ஓய்வு கொடுக்கப் பிள்ளையை வைத்துக்கொள்ள ஒரு குடும்பம் முன்வந்தது. அவர்களையும் விசாரித்தபின்தான் அனுமதித்தேன்.

தப்பும் நடந்தது. சிறுவர் ஞாயிறு அன்று போதகர் அவனை மேடைக்கு அழைத்து, தலையில் கைவைத்து, அவன் வீட்டுச் சூழ்நிலையைச் சொல்லியே ஜெபித்துவிட்டார். நல்ல மனதோடுதான். மதியத்துக்குள் படம் சபையின் வாட்ஸாப் குழுவில். “இவன் அம்மா குடிப்பாளாமே?” என்று ஒருவர் அவன் காதுபடவே கேட்டார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நிறுத்தியிருக்க வேண்டும். ஆராதனையில் குறுக்கிட மனம் வரவில்லை. படத்தை நீக்கச் சொல்லி, போதகரிடம் போய்ப் பேசியது மறுநாள்தான். பிள்ளையின் கதை பிள்ளைக்குச் சொந்தம், அது நம் சபையின் சாட்சி இல்லை என்றேன். அவர் புரிந்துகொண்டார். அடுத்த வாரம் அதை அவரே சபைக்குச் சொன்னார். அது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு கேள்வியும் வந்தது. பிள்ளையின் அம்மா வேறு மதம். இவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா? முடியாது என்றேன். ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 1989இல் வந்தது, அதன் 20ஆவது பிரிவு குடும்பத்தைப் பிரிந்த பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளையின் இனம், மதம், பண்பாடு, மொழி அறுந்துபோகாதபடி பார்க்க வேண்டும் என்கிறது. இஸ்லாமியச் சட்டத்தின் கஃபாலாவையும் (தத்தெடுக்காமலே ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்று வளர்க்கும் முறை) வளர்ப்புப் பராமரிப்போடு சேர்த்தே அது குறிப்பிடுகிறது. 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் இன்னும் நேராகவே பேசுகின்றன: பராமரிப்பவரின் அரசியல், மத, பொருளாதார நோக்கங்களை வளர்ப்பதை முதன்மையாகக் கொண்டு இந்த வேலையைச் செய்யக்கூடாது. சபைகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இந்த வரியை நான் ரெண்டு தடவை வாசிப்பேன். உங்கள் வீட்டில் நீங்கள் ஜெபியுங்கள், பிள்ளை பக்கத்தில் உட்காரட்டும், அவனை மாற்றுவது உங்கள் வேலை இல்லை. இதைக் கேட்டு விலகிப்போனவர்களும் உண்டு. விலகியது நல்லது.

இனி என் தப்பு.

வாரம் ஒருமுறை அம்மா பிள்ளையைச் சந்திக்க ஏற்பாடு. புதன்கிழமை மூன்று மணி, எங்கள் அலுவலக அறை. தொடர்ந்து மூன்று வாரம் அவர் வரவில்லை. பையன் கதவையே பார்த்துக்கொண்டிருப்பான். எனக்குக் கோபம். கோப்பில் ‘தாய்க்கு ஆர்வமில்லை’ என்று எழுதினேன். ரெண்டே வார்த்தை. அந்த ரெண்டு வார்த்தையை அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் என்னைவிடப் பெரிய பதவியில் இருந்தவர்கள் சத்தமாக வாசித்தார்கள்.

கேட்க வேண்டியதைக் கேட்டது அக்காதான். “அவங்களுக்கு எத்தனை மணிக்குத் தம்பி வேலை முடியும்?”

எனக்குத் தெரியவில்லை. மூன்று மணியை நான் தேர்ந்தெடுத்த காரணம், அந்த நேரத்தில் எங்கள் அறை காலியாக இருந்தது. அவருடைய ஷிப்ட் முடிவது நாலு மணி. முன்னாலேயே கிளம்பினால் அந்த நாளின் கூலி போய்விடும், மூன்றாவது தடவை வேலையும் போய்விடும். வேலை இல்லை என்றால் பிள்ளையைத் திருப்பித் தர மாட்டோம் என்று சொன்னவர்களும் நாங்களே. வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைப் பிரிக்கக்கூடாது என்று அந்த 2009 வழிகாட்டுதல்களை மேடைமேடையாகப் பேசுகிற ஆள் நான்.

கோப்பில் எழுதியதை அழிக்க முடியாது. கீழே திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சந்திப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றினோம், இடத்தையும் மாற்றினோம். சபையின் ஞாயிறு பள்ளி அறை. குட்டி நாற்காலிகள், சுவரில் படங்கள், தரையில் உட்கார்ந்து விளையாடலாம். அம்மா ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை.

நோட்டு அங்கேதான் ஆரம்பித்தது. அக்கா சாதாரண நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, வாரத்தில் நடந்ததையெல்லாம் எழுதி அம்மாவிடம் கொடுப்பார். என்ன சாப்பிட்டான், எப்போது எழுந்தான், யாரோடு சண்டை போட்டான். அம்மா வாசித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் திருப்பித் தந்துவிடுவார். ஆறேழு வாரம் இப்படியே. ஒரு வாரம் அக்கா எழுதியிருந்தார்: ‘தூக்கம் வந்தால் காதைத் தொடுகிறான். வலது காது. அழகாக இருக்கிறது.’

அம்மாவின் முதல் வரி அதற்குக் கீழே வந்தது. எழுத்து கோணல், பேனா அழுத்தி எழுதியது: ‘தூக்கத்துக்கு இடது காது. வலது காதைத் தொட்டால் வலி. டாக்டரிடம் காட்டுங்கள்.’

காட்டினார்கள். உள்ளே சீழ் வைத்திருந்தது.

அன்றைக்கு அக்கா என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை. “மூணு மாசமா என்கிட்ட இருக்கான், எனக்குத் தெரியலையே” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்கப்புறம் நோட்டில் கேள்விகள் வர ஆரம்பித்தன. தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் ஏன் அலறுகிறான்? பின்னாலிருந்து ஊற்றாதீர்கள், முன்னால் நின்று அவனிடம் சொல்லிவிட்டு ஊற்றுங்கள். ரெண்டு கையெழுத்தும் ஒரே பக்கத்தில் மாறிமாறி ஓடின. கோப்பில் நான் எழுதிய எந்த அறிக்கையிலும் அவ்வளவு தகவல் இல்லை.

பழகிவிட்டால் எப்படி அனுப்புவது என்று கேட்பவர்களுக்கு நான் ருமேனியாவைச் சொல்வதுண்டு. 1989இல் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்தபோது அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசு இல்லங்களில் இருந்தார்கள். பத்து வருடம் கழித்தும் அந்த இல்லங்கள் மூடப்படவில்லை. அப்போது தலைநகர் புக்கரெஸ்டில் நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா என்ற மூன்று ஆய்வாளர்கள் இல்லத்துப் பிள்ளைகள் 136 பேரை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே அப்படிப்பட்ட குடும்பங்களே கிட்டத்தட்ட இல்லாததால், முதலில் அவற்றைத் தேடி உருவாக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போன பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிலும் ஒருவரோடு ஒட்டிக்கொள்வதிலும் மேலே வந்தார்கள். அதிலும் ரெண்டு வயதுக்குள் போனவர்களுக்கு நல்ல பலன். ஒட்டிக்கொள்ள ஆளே கிடைக்காத பிள்ளைக்குத்தான் பெரிய சேதம். அதனால் பழகாமல் வளர்ப்பது என்ற வழி இதில் இல்லை. பிரியும்போது வலிக்கிற பங்கைப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சொல்வது எளிது. பதினாலாம் மாதம் அவன் வீடு திரும்பினான். முதலில் ஒரு பகல், பிறகு ஓர் இரவு, பிறகு வாரக் கடைசி, கடைசியில் முழுவதுமாக. பிள்ளைக்காக அந்தப் படிகளைக் கவனமாகத்தான் போட்டோம். அக்காவுக்காக ஒன்றும் யோசிக்கவில்லை. அவன் வந்தபோது ஜெபம், பரிசு, புதுச்சட்டை என்று சபை அமர்க்களப்பட்டது. போனபோது என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. “கவலைப்படாதீங்க, வேற பிள்ளை வரும்” என்றார் ஒருவர். “அந்த அம்மாகிட்டயே குடுத்துட்டாங்களா!” என்று தோற்றுப்போன மாதிரி இன்னொருவர். அக்கா ரெண்டு ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. துணி மடிக்கிற பெண்மணி மட்டும் வழக்கம்போல் போனார். மடிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன் என்றார்.

இப்போதெல்லாம் என் பயிற்சியில் ஒரு முழுநாள் அனுப்பிவைப்பதற்கு மட்டும். சபைகளிடம் இன்னொன்றும் கேட்கிறேன்: பிள்ளை திரும்பிப் போகும்போது உங்கள் உதவியும் அவனோடு போகுமா? முதலில் அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான். இந்த அம்மாவிடம் கேட்டபோது, “ஜெபம் பண்ண ஆள் வேணாம் சார். ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர ஆள் இருந்தா சொல்லுங்க” என்றார். மூப்பர் போனார். விசாரணைக்குக் கோபித்துக்கொண்டாரே, அதே மூப்பர். வாரம் மூன்று நாள், ஸ்கூட்டரில்.

அந்த நோட்டைக் கடைசி நாளன்று அக்கா அம்மாவிடம் கொடுத்துவிட்டார். நாலு மாதம் கழித்து அம்மாவுக்கு ராத்திரி ஷிப்ட் வந்தது. என்னைக் கேட்கவில்லை, நேராக அக்காவுக்கே போன் செய்திருக்கிறார். நான் அந்தப் பக்கம் போனபோது பையன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். மேசைமேல் புது நோட்டு. அக்கா என் பக்கம் தள்ளினார். முதல் பக்கத்தில், அழுத்தி எழுதிய அந்தக் கோணல் எழுத்து:

‘சாப்பிட்டுவிட்டான். ஷூ பத்தவில்லை, விரல் முட்டுகிறது. சனிக்கிழமை கடைக்குப் போகலாமா அக்கா?’