கேரியரில் என்ன இருந்தது?

மார்ச் 7, 2025, வெள்ளி

கதை எழுதும் வகுப்பு இன்று தொடங்கியது. ஆசிரியர் தமிழ்நாட்டில் இருக்கிறார். அங்கே இரவு ஏழு மணி என்றால் இங்கே சிங்கப்பூரில் ஒன்பதரை. மொத்தம் எட்டுப் பேர். வாரம் இருவர் கதை அனுப்ப வேண்டும், மற்றவர்கள் படித்துவிட்டு வந்து பேச வேண்டும். அந்த நேரத்தில் எழுதியவர் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். 1936இல் அமெரிக்காவில் தொடங்கிய அயோவா எழுத்துப் பட்டறையால் பரவலான வழக்கமாம். வாயைத் திறக்கவிட்டால், கதையில் எழுதாமல் விட்டதை எல்லாம் பேசியே நிரப்பிவிடுவோம் என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

மதுரைத் தம்பி அனுப்பிய கதைக்கு ‘அருமை, மனதைத் தொட்டது’ என்று எழுதிப் போட்டேன். ஆசிரியர் எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினார்: ‘இதை வைத்துக்கொண்டு அவர் அடுத்த வரைவில் என்ன செய்வார்?’

கேட்டது நியாயம்தான். காலையில் உட்லண்ட்ஸில் ரயில் ஏறியதும் அந்தக் கதையை மறுபடி திறந்தேன். இந்த முறை என் கவனம் எங்கே நழுவுகிறது என்பதை மட்டும் பார்த்தேன். பிஷான் வருவதற்குள் இரண்டு இடங்கள் பிடிபட்டன. இரண்டிலுமே கதையில் வரும் கண்டக்டர் வேடிக்கைதான் பார்க்கிறார், ஒன்றும் செய்வதில்லை. அதை அப்படியே எழுதி அனுப்பினேன். ‘அங்கேதான் அக்கா எனக்கும் கை ஓடவில்லை’ என்று பதில் வந்தது. ‘அருமை’ போட்டபோது ஒரு நன்றியோடு முடித்துக்கொண்டவர் இவர்.

மார்ச் 14, வெள்ளி

இன்று ஒரு தவறு செய்தேன். ஒருவரின் கடைசிப் பத்தி சரியாக அமையவில்லை என்று தோன்ற, நானே அதைத் திருத்தி எழுதி அனுப்பிவிட்டேன். வகுப்பில் அவர் முகம் சுருங்கிப்போயிற்று. வாசித்துப் பார்த்தால் அது என் குரல், அவருடையதாக இல்லை. எங்கே இடறுகிறது என்று சொல்லலாம், ஏன் என்று கேட்கலாம். பேனாவை வாங்கிக்கொள்ளக் கூடாது. மன்னிப்புக் கேட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

என் முறை. செம்பவாங் கப்பல் பட்டறைக்கு மூன்றடுக்கு கேரியரோடு வேலைக்குப் போகும் அப்பாவைப் பற்றிய கதை. இருபது நிமிடம் மைக் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். ‘தியாகத்தின் மறுபெயர் அப்பா’ என்பது நான் மிகவும் நேசித்த வரி. அந்த இடத்தில் கதையை விட்டு விலகிவிட்டோம் என்று மூன்று பேர் சொன்னார்கள். முதலில் கோபம், அப்புறம் வெறுமை.

இங்கே ஈசூன் பகுதியிலிருந்து வகுப்புக்கு வரும் அக்கா கடைசியாகப் பேசினார். நோன்பு திறந்து, தொழுதுவிட்டு, குரலில் களைப்போடு வந்திருந்தார். கேட்டது ஒரே கேள்வி: “கேரியரில் என்ன இருந்தது?”

எனக்குத் தெரியவில்லை. ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன், ஒரு தட்டைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

அம்மா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். “அப்பா எங்கே கேரியர் கொண்டுபோனார்? அவருக்குக் கேண்டீன் சாப்பாடு. அது என்னோடது” என்றார்.

எண்பதுகளில் அம்மா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தார். அப்பா ஆறு மணிக்கு வீடு திரும்பி, குளித்துவிட்டு, சார்டின் டின்னைத் திறப்பாராம். வெங்காயம், மிளகாய், கொஞ்சம் புளி போட்டுச் சம்பல். கீழ்த் தட்டில் சோறு, நடுவில் சம்பல், மேலே எலுமிச்சை ஊறுகாய். கம்பெனி பஸ் வரும்வரை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ் அவரே கேரியரைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். அப்பா கையில் கேரியரை நான் பார்த்தது உண்மைதான். யாருக்காக என்பதைத்தான் இத்தனை வருடமும் தவறாக நினைத்திருக்கிறேன்.

கதைதானே, பழையபடியே விட்டாலும் தப்பில்லை என்றார் ஆசிரியர். என்னால் முடியவில்லை. அப்பா இருந்திருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

இரண்டாவது வரைவு. ‘தியாகம்’ என்ற சொல் எங்கும் இல்லை. டின்னின் விளிம்பு அப்பாவின் கட்டைவிரலைக் கீறுகிற இடத்தில் மதுரைத் தம்பி ஒரு கோடு போட்டிருந்தார். இங்கே அப்பா பேச வேண்டாம், வெட்டிவிடலாமா என்று பக்கத்தில் ஒரு கேள்வி. வெட்டிவிட்டேன்.

ஈசூன் அக்கா பெருநாள் பலகாரத் தட்டைக் கேமராவில் காட்டிவிட்டுக் கேட்டார்: “எல்லாம் சரி, அம்மா அதை எத்தனை மணிக்குச் சாப்பிட்டாங்க?”

வகுப்பு முடிந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். மணி பதினொன்றரை தாண்டியிருந்தது. இன்னும் தூங்கவில்லை.

“ரெண்டு மணிக்கு. எல்லாம் ஆறிப் போயிருக்கும். சம்பல் மட்டும் ஆறினால்தான் நல்லா இருக்கும்.”